புதுப்பிப்பு: வைஃபை போனது இப்போது ஆப்புக்குத் தெரிகிறது

வைஃபை போய் மொபைல் டேட்டா வந்தாலும் என் ஆண்ட்ராய்டு ஆப் கண்டுகொள்வதில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது. சிஸ்டம் அனுப்பும் செய்திகளைப் பெறும் ரிசீவரை, ஆப்பின் விவரங்களைச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பில் மட்டும் அறிவித்திருந்தேன். ஆண்ட்ராய்டு 7 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை இலக்காக வைத்த ஆப்களுக்கு அந்த வழியில் இணைப்பு மாற்றச் செய்தி வராது. இணைப்பு நிலையைச் சொல்லும் ஆண்ட்ராய்டின் கனெக்டிவிட்டி மேனேஜரில் 'ரெஜிஸ்டர் டிஃபால்ட் நெட்வொர்க் கால்பேக்' போட்டதும் சரியாகிவிட்டது; நெட்வொர்க் மாறினால் ஆப்பை அழைத்துச் சொல்லும்படி அது பதிவு செய்கிறது.

அப்புறம் இன்னொன்று, இதில்தான் எனக்கு இரண்டு நாள் போனது. நெட்வொர்க் கிடைத்தது என்று சொல்லும் 'ஆன் அவைலபிள்' அழைப்பு வந்தாலே இன்டர்நெட் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு விடுதி வைஃபையில் சோதித்தேன்; லாகின் பக்கத்தைத் தாண்டும் முன்பே அந்த அழைப்பு வந்துவிட்டது. இப்போது நெட்வொர்க்கின் திறன்கள் மாறும்போது வரும் 'ஆன் கேப்பபிலிட்டீஸ் சேஞ்ச்டு' அழைப்பின் உள்ளே 'வேலிடேட்டட்' (இன்டர்நெட் உண்மையில் கிடைப்பதாகச் சோதித்த அடையாளம்) இருக்கிறதா என்று பார்த்த பிறகே நிலுவைப் பதிவுகளை அனுப்புகிறேன். ஒன்றுகூடத் தொலையவில்லை, பெரிய நிம்மதி!