ஃபின்மார்க் மீன்பிடி ஊருக்குக் குடும்பத்தோடு போகலாமா?

குறிஞ்சி:
எல்லோருக்கும் வணக்கம். ஒஸ்லோவில் தாதியாக வேலை செய்கிறேன். நோர்வேயின் வடகோடியில் ஃபின்மார்க் மாவட்டத்தில் உள்ள போட்ஸ்ஃபியோர் ஊரின் முதியோர் இல்லத்தில் நிரந்தர வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கொம்யூனில் (உள்ளூராட்சிப் பகுதியில்) மொத்தமே இரண்டாயிரம் பேர் அளவில்தான். மகளுக்கு ஆறு வயது, கணவர் மின்சார வேலை செய்பவர், அவருக்கு எங்கும் வேலை கிடைக்கும். அங்கே வேலை செய்தால் படிப்புக் கடனில் ஒரு பகுதி கழியும் என்பதால் ஆசையாக இருக்கிறது. ஆனால் ஃபின்மார்க் கரையோர ஊர்களில் சனம் குறைந்துகொண்டே போகிறது என்றுதான் எங்கும் படிக்கிறேன். அந்தப் பக்கம் இருந்தவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்.

பனிப்புலத்தான்:
தங்கச்சி, நான் அந்தக் கரையில் வளர்ந்தவன். அப்பா 1987இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நேரே மீன் ஆலையில் சேர்ந்தார், நாங்கள் மூன்று வருடம் கழித்து வந்தோம். அப்போது அந்த ஊர்களில் ஃபிலே (முள் நீக்கிய மீன் துண்டம்) வெட்ட உள்ளூரில் ஆள் கிடைக்காது, எங்கள் சனம்தான் வரிசையாக நின்று வெட்டியது. இருட்டும் குளிரும் பழகிவிடும். கரைக்கு மீன் வருகிறதா என்பதுதான் அங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். 1989-90இல் பாரன்ட்ஸ் கடலில் கொட் மீன் குறைந்து, பிடிக்க அனுமதித்த அளவை வெட்டியபோது ஊர் ஊராக ஆலை மூடியது. புகோய்னெஸ் என்ற சிற்றூர்க்காரர்கள் 1989இல் நாளிதழில் விளம்பரமே கொடுத்தார்கள், எங்கள் எல்லாரையும் சேர்த்துக் குடியமர்த்த ஒரு இடம் தாருங்கள் என்று. நாங்கள் வந்து சேர்ந்த பிறகும் வீட்டில் அப்பாவும் அம்மாவும் அதைப் பற்றி இரவெல்லாம் பேசியது இன்னும் நினைவிருக்கிறது.

அந்த ஊர் இன்றும் இருக்கிறது. காப்பாற்றியது நண்டு. 1960களில் சோவியத் விஞ்ஞானிகள் மூர்மான்ஸ்க் பக்கம் கொண்டுவந்து விட்ட ராட்சத சிவப்பு நண்டு மெல்ல மேற்கே நகர்ந்து வந்தது, முதலில் வலையைக் கிழித்து எல்லாரிடமும் திட்டு வாங்கி, பிறகு பெரிய காசானது. ஆனால் எல்லா ஊருக்கும் அப்படி ஒன்று வந்து சேராது. பெரிய இழுவைப் படகுகள் கடலிலேயே மீனை உறையவைத்து விடுகின்றன, அதில் நிறைய சீனா வரை போய்த்தான் வெட்டுப்படுகிறது, பக்கத்துத் துறைமுகத்துக்கு வேலையே இல்லை. அதனால் வேலைக்குக் கையெழுத்துப் போடுமுன், குளிர்காலத்தில் எத்தனை சிறு படகு அங்கே மீன் இறக்குகிறது என்று விசாரியுங்கள். போட்ஸ்ஃபியோர் இந்த விஷயத்தில் மற்ற ஊர்களைவிட நல்ல நிலையில் இருக்கிறது என்பது என் கருத்து.

வடமுனை அக்கா:
நானும் கணவரும் பதினோரு வருடமாக இந்தப் பக்கம் இருக்கிறோம். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி தாண்டும்வரை சூரியன் எழும்பாது, நண்பகலில் கொஞ்சம் நீல வெளிச்சம் மட்டும். சூரியன் திரும்பி வரும் நாளில் பள்ளியில் பிள்ளைகளுக்கு இனிப்புப் பன் கொடுப்பார்கள், என் மகன் அதைத் தீபாவளி மாதிரிக் காத்திருப்பான்.

எனக்குக் கஷ்டமானது பாதைதான். புயலில் மலைப்பாதையை மூடிவிடுவார்கள், அல்லது பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் வரிசையாகத்தான் போகலாம். சிறு விமானமும் அன்றைக்கு வராது. பெரிய மருத்துவமனை கிர்க்கெனெஸில், பிரசவமும் அங்கேதான். இன்னொரு பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

பணம் பற்றி: படிப்புக் கடனில் வருடத்துக்கு ஒரு பகுதி கழியும், அதற்கு உச்சவரம்பு உண்டு, இப்போதைய வீதத்தையும் தொகையையும் அரசின் படிப்புக் கடன் நிதியத்தின் பக்கத்தில் பாருங்கள். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து அங்கே வசித்து வேலை செய்திருக்க வேண்டும். வருமான வரியும் குறைவு, மின்கட்டணத்தில் வரி இல்லை.

அப்புறம் ஒன்று, நீங்கள் தாதி என்பதால் சொல்கிறேன். 1944 இலையுதிர்காலத்தில் ஜெர்மன் படை பின்வாங்கும்போது ஃபின்மார்க்கின் பெரும்பாலான வீடுகளை எரித்துக்கொண்டே போனது, சனத்தைப் படகில் ஏற்றித் தெற்கே அனுப்பியது, போக மறுத்தவர்கள் குகையிலும் மண்குடிசையிலும் குளிர்காலத்தைக் கழித்தார்கள். அன்று சிறு பிள்ளைகளாக இருந்தவர்களைத்தான் இப்போது முதியோர் இல்லத்தில் பார்ப்பீர்கள். நாங்களும் வீடு விட்டு ஓடி வந்தவர்கள் என்று தெரிந்த பிறகு ஒரு கிழவி என்னிடம் அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார். அதுவரை தன் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லையாம்.

தெற்கே போனவன்:
நான் கொஞ்சம் வேறு மாதிரிச் சொல்கிறேன். எங்கள் ஊரில் மேல்நிலைப் பள்ளி இல்லை, மூத்தவள் பதினாறு வயதில் வேறு ஊரில் அறை எடுத்துத் தங்கிப் படிக்க வேண்டிய நிலை. உள்ளூர்க்காரர்கள் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள், எங்களால் முடியவில்லை, எல்லாரும் ஒஸ்லோ வந்துவிட்டோம். ஆறு வயது என்றால் உங்களுக்கு இன்னும் பத்து வருடம் இருக்கிறது. அந்தப் பத்து வருடமும் பிள்ளைக்கு நல்லது, இளையவன் குளிர்காலத்தில் துறைமுகத்தில் கொட் மீன் நாக்கு வெட்டி விற்றுத் தன் சைக்கிளைத் தானே வாங்கினான், இங்கே அது நடக்காது.

குறிஞ்சி:
மிக்க நன்றி அண்ணா, அக்கா, எல்லோருக்கும். பள்ளி விஷயம் எங்களுக்குத் தோன்றவே இல்லை. பிப்ரவரியில் நான்கு நாள் விடுப்பு எடுத்து மகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கலாம் என்று கணவர் சொல்கிறார். அக்கா, அந்த நேரம் பாதை மூடியிருந்தால் எங்கே தங்குவது?