மேட்டில் வண்டி பின்னால் உருளுது, கியர் வண்டியை விட்டுடலாமா?

சேலத்துக்காரி:
வயசு 43. டிரைவிங் ஸ்கூல் போய் பத்து நாள் ஆச்சு. சமதளத்துல பரவாயில்லை. மேம்பாலம் ஏறும்போது நிக்க வேண்டி வந்தா கால் நடுங்குது. நேத்து ரெண்டு தடவை எஞ்சின் ஆஃப். பின்னாடி டவுன் பஸ்காரர் அடிச்ச ஹாரன் இன்னும் காதுல இருக்கு. வீட்டுக்காரர் "பேசாம ஆட்டோமேட்டிக் வாங்கிக்கலாம்"ங்கறார். எனக்கோ கியர் மாத்துறதுதான் பிடிச்சிருக்கு!

பழைய_ஆல்டோ:
அக்கா, ஹேண்ட் பிரேக்கை இழுத்துட்டு ஃபர்ஸ்ட் கியர் போடுங்க. லேசா ஆக்சிலரேட்டர் கொடுத்து, கிளட்ச்சை மெல்ல விடுங்க. ஓரிடத்துல எஞ்சின் சத்தம் கம்மும், முன்பக்கம் லேசா எழும்பும். காலை அங்கேயே நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இறக்குங்க. உருளாது. அந்த இடம் காலுக்குப் பழகணும். காலி மைதானத்துல ஆக்சிலரேட்டரைத் தொடாம, கிளட்ச்ல மட்டும் வண்டியை நகர்த்திப் பாருங்க. நான் ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க அதைத்தான் செஞ்சேன்.

ஓஎம்ஆர்வாசி:
டிராஃபிக்ல தினம் ரெண்டு மணி நேரம் கிளட்ச் மிதிச்சு இடது முட்டி போச்சு. நான் ஆட்டோமேட்டிக் கட்சி.

பழைய_ஆல்டோ:
உங்க ஊருக்கு அது சரிதான். ஆனா கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு. செகண்ட் கியர்ல இறங்கினா எஞ்சினே வண்டியைப் பிடிச்சுக்கும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினவங்க பாதியில நிறுத்தி, கருகுற வாடையோட நிக்கறதைப் பார்த்திருக்கேன்.

சேலத்துக்காரி:
இன்னிக்கு மேம்பாலத்துல ஒரு தடவைதான் ஆஃப் ஆச்சு. பின்னாடி பஸ் இல்லை, அதுவும் ஒரு காரணம்.