ரங்கூனில் தமிழ் பேசும் மனநல மருத்துவர் யாராவது உண்டா?

அனைவருக்கும் ஸ்தோத்திரம். என் தம்பி நாலு மாதமாகச் சரியாகத் தூங்குவதில்லை. ஆராதனைக்கு வந்தாலும் பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமல் அட்டையை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருக்கிறான். "விசுவாசம் குறைந்துவிட்டது, உபவாசம் இருக்கச் சொல்லுங்கள்" என்கிறார்கள் சபையில். அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் அதைக் கேட்டபின் அவன் இன்னும் ஒடுங்கிப்போகிறான். வேதாகமத்தில், சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்ட எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லையே! சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், எலியா மறுபடி படுத்துக்கொண்டார்.

ஜெபத்தோடு மருந்தும் வேண்டும் என்று நினைக்கிறேன். யுவாதாஜி மனநல மருத்துவமனைக்கு யாரையாவது அழைத்துப் போயிருக்கிறீர்களா? தம்பிக்குப் பர்மிய மொழி நன்றாக வரும், ஆனால் மனதில் இருப்பதைத் தமிழில்தான் சொல்வான். பொறுமையாக உட்கார்ந்து கேட்கும் போதகர் யாராவது தெரிந்தாலும் சரி, தனியாக எழுதுங்கள்.