525 மடங்கு வைத்தால் எல்லாமே மங்கலாகிறதே, லென்ஸ் கோளாறா?

மொட்டைமாடி70:
70 மி.மீ. லென்ஸ், 700 மி.மீ. குவியத்தொலைவு உள்ள தொலைநோக்கி வாங்கினேன், பெட்டியில் கொட்டை எழுத்தில் '525 மடங்கு' என்று போட்டிருக்கிறது. 20 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ்) நிலாவின் பள்ளங்கள் பளிச்சென்று தெரிகின்றன. 4 மி.மீ. ஐபீஸோடு 3 மடங்கு பார்லோவையும் (உருப்பெருக்கத்தைக் கூட்ட இடையில் போடும் லென்ஸ்) சேர்த்தால் வியாழன் வெறும் கலங்கல் உருண்டை, பட்டைகளைக்கூடக் காணோம். மாற்றிக் கேட்கலாமா? அப்புறம், அப்பல்லோ இறங்குகலத்தை இங்கிருந்தே பார்க்க எவ்வளவு பெரிய தொலைநோக்கி வேண்டும்?

லைரா:
லென்ஸ் மேல் தப்பில்லை. 700-ஐ 4-ஆல் வகுத்து 3-ஆல் பெருக்கினால் 525 வரத்தான் செய்யும், ஆனால் நுணுக்கத்தைத் தீர்மானிப்பது லென்ஸின் அகலம். ஒளி அலையாக இருப்பதால் விளிம்பு விளைவு வந்துவிடுகிறது, அதாவது லென்ஸின் விளிம்பில் ஒளி சற்றே விரிந்து பரவும், அதனால் புள்ளி போன்ற விண்மீன்கூட ஒரு குட்டித் தட்டாகவும் அதைச் சுற்றி மெல்லிய வளையமாகவும்தான் விழும். லென்ஸ் அகலமானால் தட்டு சுருங்கும். இரண்டு தட்டுகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் அப்புறம் எவ்வளவு பெருக்கினாலும் பிரியாது, கலங்கல்தான் பெரிதாகும். எவ்வளவு நெருங்கிய இரண்டு புள்ளிகள் பிரியும் என்பதற்கு, தாவ்ஸ் கணக்குப்படி 116-ஐ மி.மீ. விட்டத்தால் வகுங்கள், உங்களுக்கு சுமார் 1.7 ஆர்க் செகண்ட் (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு கோணம்தான் ஒரு ஆர்க் செகண்ட்), நிலாவில் அது 3 கி.மீ. சொச்சம். விட்டத்தைப் போல இரண்டு மடங்கு, அதாவது 140-க்கு மேல் போகாதீர்கள். 20 மி.மீ.யோடு பார்லோ போட்டால் 105 வரும், அதில் காஸ்டர் என்ற இரட்டை விண்மீன் இரண்டாகப் பிரிகிறதா பாருங்கள். பிரிந்தால் லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜவ்வாதுமலை:
காற்றை விட்டுவிட்டீர்களே. காவலூர் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர், ஹபிளுடையது 2.4. கிட்டத்தட்ட ஒரே அளவு. கணக்குப்படி இரண்டுமே 0.05 ஆர்க் செகண்ட் அளவுக்குப் பிரிக்க வேண்டும், ஆனால் தரையில் இருப்பதைக் காற்றின் கொந்தளிப்பு ஒரு ஆர்க் செகண்ட், அதற்கும் மேலே தள்ளிவிடுகிறது. ஹபிள் காற்றுக்கு மேலே இருப்பதால் தப்பித்தது. உங்கள் மாடியிலும் பகலெல்லாம் வெந்த தளம் ராத்திரி வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும், வியாழனின் விளிம்பு தண்ணீருக்குள் கிடப்பது போல நெளிகிறதென்றால் அதுதான் காரணம். குழாயை அரை மணி முன்னாலேயே வெளியே வைத்துவிட்டு, கோள் நன்றாக உயரே வந்தபின் பாருங்கள்.

நிலாக்கிறுக்கன்:
அப்பல்லோ கேள்விக்கு: இறங்குகலத்தின் உடல் சுமார் 4 மீட்டர், தூரம் 3,84,000 கி.மீ., அதாவது 0.002 ஆர்க் செகண்ட். அதை ஒரு புள்ளியாகப் பிரிக்கவே 60 மீட்டர் ஆடி வேண்டும், சிலியில் கட்டிவரும் பெரிய தொலைநோக்கியே 39 மீட்டர்தான். அதனால்தான் 2009-இல் நாசாவின் எல்.ஆர்.ஓ. விண்கலம் நிலாவைச் சுற்றிக்கொண்டே கிட்டத்திலிருந்து படம் எடுத்தது, கலத்தின் நிழல்கூட அதில் விழுந்திருக்கிறது.

மொட்டைமாடி70:
சரி, 105-இல் முயல்கிறேன். அப்போ 4 மி.மீ. ஐபீஸ் தண்டமா?

லைரா:
தனியாகப் போட்டால் 175, நான் சொன்ன 140-ஐத் தாண்டத்தான் செய்கிறது. ஆனாலும் காற்று அசையாத ராத்திரியில் நிலாவுக்கு ஓரளவு தாங்கும். கோள்களுக்கு வேண்டாம்.