பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் ஜி20: இரண்டு சோதனை ஓட்டங்கள், இரண்டு எதிரெதிர் அனுபவங்கள். எதை நம்புவது?

கோவைப் பயணி (கேள்வி):

வணக்கம். பத்து ஆண்டுகளாக எஃப்30 தலைமுறையைச் சேர்ந்த 2014-ஆம் ஆண்டு 320டி வண்டியை ஓட்டி வருகிறேன். 184 குதிரைத்திறன் கொண்ட டீசல் வண்டி. அதன் ஸ்டீயரிங்கும் இருக்கையும் கைக்கும் முதுகுக்கும் பழகிவிட்டன. இப்போது அதைக் கொடுத்துவிட்டு, முற்றிலும் புதிதாக வடிவமைக்கப்பட்டு 2018 பாரிஸ் கண்காட்சியில் வெளியிடப்பட்ட ஜி20 தலைமுறையில், ஒருவர் பயன்படுத்திய பெட்ரோல் வண்டி ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன்.

முதலில் ஓட்டியது 2019-ஆம் ஆண்டு 330ஐ. திருப்பங்களில் தண்டவாளத்தில் செல்வதுபோல் உறுதியாக நின்றது. ஆனால் சாலையில் தார் ஒட்டுப்போட்ட இடங்களிலெல்லாம் முதுகில் இடித்தது. அடுத்த வாரம் ஓட்டியது 2021-ஆம் ஆண்டு கிரான் லிமோசின், அதாவது இதே தலைமுறையின் நீளமான வடிவம். அதே 258 குதிரைத்திறன், அதே 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. ஆனால் இது மென்மையாக மிதந்து சென்றது, மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும் வளைவுகளில் ஸ்டீயரிங்கைத் திருப்பிய பிறகு ஒரு கணம் தாமதித்தே திரும்பியது. ஒரே தலைமுறை வண்டி எப்படி இப்படி இருவிதமாக நடந்துகொள்ளும்? முதல் வண்டி இறக்குமதி செய்யப்பட்டதாக இருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அது காரணமாக இருக்குமா? இந்த வடிவமைப்பை நான் எதை வைத்து மதிப்பிடுவது?

பணிமனைக்காரர் (மறுமொழி):

வணக்கம் ஐயா. இறக்குமதி பற்றிய ஐயத்தை முதலில் விட்டுவிடுங்கள். நம் நாட்டில் இந்த இரண்டு வகைகளும் செங்கல்பட்டை அடுத்த மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் உள்ள சென்னை ஆலையில் பொருத்தப்பட்டு விற்பனைக்கு வந்தவைதாம்.

நீங்கள் ஓட்டியவை ஒரே தலைமுறை என்பது உண்மை. ஒரே வண்டி என்பது உண்மையன்று. உங்கள் பழைய வண்டியின் வீல்பேஸ் 2,810 மி.மீ.; ஜி20-இல் அது 2,851 மி.மீ. ஆயிற்று, கிரான் லிமோசினிலோ அதைவிடவும் 110 மி.மீ. கூடி 2,961 மி.மீ. ஆகிவிட்டது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி இவ்வளவு கூடும்போது, பள்ளங்களில் வண்டி முன்னும் பின்னும் ஆடுவது குறையும். அதற்கு ஈடாகத் திரும்பும் விரைவும் சற்றுக் குறையும். நீங்கள் உணர்ந்ததில் ஒரு பகுதி இதுதான்.

ஆனால் முதுகில் இடித்தது என்கிறீர்களே, அதை வடிவமைப்பின் கணக்கில் எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்தத் தலைமுறையில் சக்கரம் எவ்வளவு மேலும் கீழும் நகர்கிறதோ, அதற்கேற்பத் தடுப்புவிசையைக் கூட்டிக்கொள்ளும் டேம்பர்கள் (சக்கரத்தின் ஆட்டத்தை அடக்கும் உறுப்புகள்) சாதாரண சஸ்பென்ஷனிலேயே வருகின்றன. சிறிய ஒட்டுகளில் இளகியும் பெரிய பள்ளங்களில் இறுகியும் வேலை செய்வதற்காகவே அவற்றை அமைத்தார்கள். சிறிய ஒட்டிலேயே இடிக்கிறது என்றால் டேம்பரைப் பார்ப்பதற்கு முன் டயரைப் பார்க்க வேண்டும்.

வண்டி இரவு முழுவதும் நின்ற பிறகு, காலையில் ஓட்டத் தொடங்குமுன் நான்கு டயர்களின் காற்றழுத்தத்தையும் அளந்து, ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் தெரியும் வில்லையில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். பிறகு டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். முதல் இரண்டு இலக்கங்கள் தயாரான வாரத்தையும் அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும். அவை ரன்-ஃபிளாட் டயர்களா என்பதையும் பாருங்கள். காற்றே இல்லாமல் போனாலும், பெரும்பாலும் மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்கு மிகாமல் சுமார் 80 கி.மீ. தூரம் வண்டியைத் தாங்குவதற்காக அவற்றின் பக்கச்சுவர் தடிப்பாக வார்க்கப்படுகிறது. வயதாகி ரப்பரும் இறுகிவிட்டால் அந்தத் தடிப்பு முழுவதும் உங்கள் முதுகுக்கு வந்து சேரும்.

இன்னொன்று: இந்தத் தலைமுறைக்கு 10 மி.மீ. தாழ்ந்த எம் ஸ்போர்ட் சஸ்பென்ஷனும், மின்னணு முறையில் இறுக்கம் மாறும் அடாப்டிவ் சஸ்பென்ஷனும் உண்டு. எது பொருத்தப்பட்டுள்ளது என்பதைச் சேஸிஸ் எண்ணைக் கொண்டு கேட்டறியலாம். அடாப்டிவ் இல்லாத வண்டியில் ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினால் எஞ்சினும் கியரும் ஸ்டீயரிங்கும் மாறுமே தவிர, சஸ்பென்ஷன் மாறாது. ஆகவே இரண்டையும் கம்ஃபர்ட் நிலையில் வைத்து, ஒரே சாலையில், ஒரே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள்.

கிரான் லிமோசினை 60 கி.மீ. வேகத்தில் ஒரு மெல்லிய மேட்டின் மீது செலுத்துங்கள். மேலெழுந்து ஒரே அசைவில் அடங்கினால் டேம்பர் நலமாக உள்ளது. இரண்டு மூன்று முறை ஆடினால் அது தேய்ந்துவிட்டது.

மலைச்சாரல் (மறுமொழி):

கிரான் லிமோசினை நான்காண்டுகளாக எங்கள் குடும்பத்தில் வைத்திருக்கிறோம். நீங்கள் தனியாக ஓட்டியதாகத் தெரிகிறது. வாங்குவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களைப் பின்னிருக்கையில் அமர வைத்து ஓட்டுங்கள். காலுக்குக் கிடைக்கும் இடம் தாராளம்தான். ஆனால் வண்டி தாழ்வானது என்பதால் என் மாமியார் ஒவ்வொரு முறையும் கதவைப் பிடித்துக்கொண்டே எழுகிறார். உயரமான வேகத்தடைகளில் ஐந்து பேருடன் நேராக ஏறினால் நடுவயிறு உரசுகிறது; நாங்கள் சாய்வாகவே ஏறி இறங்குகிறோம். 2023-இல் இந்தியாவுக்கு வந்த புதுப்பித்த வண்டியை உங்களிடம் காட்டினால், குளிர்சாதனப் பொத்தான்கள் வளைந்த திரைக்குள் போய்விட்டதையும் கவனியுங்கள். ஓட்டிக்கொண்டே திரையைத் தொட்டுக் குளிரைக் கூட்டுவது எனக்கு இன்றும் பிடிக்கவில்லை.

கோவைப் பயணி:

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றும் இன்றும் காலையில் சென்று பார்த்தேன்.

330ஐ வண்டியில் நான்கு டயர்களிலும் வில்லையில் உள்ள அளவைவிட 8 பிஎஸ்ஐ கூடுதலாகக் காற்று இருந்தது. நீண்ட நாள் நிறுத்தி வைக்கப்போவதாக நினைத்து உரிமையாளரே கூட்டி நிரப்பியிருக்கிறார். அவை 2019-ஆம் ஆண்டின் ரன்-ஃபிளாட் டயர்கள். பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. காற்றைச் சரிசெய்து பொள்ளாச்சிச் சாலையில் ஓட்டியபோது இடிப்பு பாதிக்குமேல் குறைந்தது. இரைச்சல் மட்டும் குறையவில்லை.

கிரான் லிமோசின் மேட்டின்மேல் ஏறி ஒரே அசைவில் அடங்கியது. ஆனால் அதில் முந்தைய உரிமையாளர் ரன்-ஃபிளாட்டை எடுத்துவிட்டுச் சாதாரண டயர்களைப் போட்டிருக்கிறார். திருப்பத்தில் நான் உணர்ந்த தாமதத்துக்கு இதுவும் காரணமாகுமா?

பணிமனைக்காரர்:

ஆகும் ஐயா. மென்மையான பக்கச்சுவர் முதலில் மடங்கி, பிறகுதான் வண்டியைத் திருப்பும். நீங்கள் ஒரு வண்டியில் இறுகிய டயரையும், இன்னொன்றில் இளகிய டயரையும் ஓட்டிவிட்டு, இரண்டையும் வண்டியின் குணமாகக் கொண்டுவிட்டீர்கள். 330ஐ-க்குப் புதிய டயர்கள் கட்டாயம் தேவை. வெடிப்புள்ள டயருடன் மலையேற வேண்டாம். சாதாரண டயராக மாற்றுவதென்றால் பஞ்சர் ஒட்டும் கருவியும் காற்றுப் பம்பும் வண்டியில் இருக்கட்டும்.

கோவைப் பயணி:

இன்று மாலை அம்மாவை இரண்டிலும் அமர வைத்துப் பார்த்தேன். ஏறி இறங்க இரண்டும் ஒன்றுபோலவே சிரமம் என்றார். காலுக்கு 330ஐ-யில் உள்ள இடமே போதும் என்றும் சொன்னார். ஆகவே 330ஐ-யையே கேட்டிருக்கிறேன், நான்கு புதிய டயர்களின் விலையைக் கழித்துக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாக உரிமையாளர் கூறியிருக்கிறார்.