22 அடிப் பாய்மரப் படகுக்கு வெயில் மறைப்பு: பிமினியா, பூம் மேல் பந்தலா?

கேள்வி: நீர்க்காகம், சிங்கப்பூர்

வணக்கம். 22 அடி நீளமுள்ள பழைய கண்ணாடியிழைப் பாய்மரப் படகு ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கிச் சாங்கிக் கரைக்கு அப்பால் மிதவையில் கட்டி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்துடன் இரண்டு மணி நேரம் பாய் விரித்து ஓடிவிட்டு, உபின் தீவுக்கு அருகே நங்கூரமிட்டுக் கட்டுச்சோற்றை உண்டு, மாலையில் திரும்புவது எங்கள் வழக்கம். ஓடும்போது பாயின் நிழலும் காற்றும் துணையிருப்பதால் வெயில் அவ்வளவாக உறைப்பதில்லை. நங்கூரமிட்ட பிறகுதான் நாங்கள் அமரும் பள்ளமான காக்பிட் அடுப்பாகிவிடுகிறது. 72 வயதான என் தந்தை சென்ற மாதம் குடை பிடித்து அமர்ந்திருந்தார். அதைக் காற்று பறித்துக்கொண்டு போனதிலிருந்து, தாம் கரையிலேயே இருந்துவிடுவதாகச் சொல்கிறார்.

படகுச் சாமான் கடையில் மூன்று வளைவுக் குழாய்கள் மேல் துணி விரியும் மடக்குக் கூரையான பிமினியைப் பரிந்துரைத்தார்கள். என் படகில் பாயின் அடிவிளிம்பைப் பிடித்திருக்கும் பூம் கட்டையின் அடிப்பகுதி காக்பிட் தரையிலிருந்து 1.70 மீட்டர் உயரத்திலும், இருக்கைப் பலகையிலிருந்து 1.25 மீட்டர் உயரத்திலும் இருக்கிறது. பாய்மரத்துக்கும் பின் தாங்கு கம்பிக்கும் இடையே 4 மீட்டர். படகின் அகலம் 2.4 மீட்டர். பூமை இழுத்துப் பிடிக்கும் மெயின்ஷீட் கயிறு அதன் பின்முனையிலிருந்து நேராகப் படகின் பின்பகுதியான அமரத்துக்கு இறங்குகிறது. இந்த அளவுகளுக்குப் பிமினி பொருந்துமா? எந்தத் துணியைத் தேர்ந்தெடுப்பது? தளத்தில் துளையிடுவதைத் தவிர்க்க முடியுமா?

பதில்: ஊசிநூல், சென்னை

ஐயா, நிழல் தேவைப்படுவது நங்கூரமிட்ட நேரத்தில்தான் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்படியானால் பிமினிக்குச் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. கூடாரத் துணியும் படகுத் துணியும் தைத்துப் பிழைப்பவன் நான். பிமினிக்குத்தான் கூலி அதிகம் என்றாலும் இதைச் சொல்கிறேன்.

பிமினி, பூமுக்கு அடியில் நிற்க வேண்டும். பாயைச் சுருக்கும்போது பூம் சற்றே தாழும் என்பதால் ஒரு சாண் இடைவெளி விட்டால், விதானத்தின் நடுப்பகுதியே தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் கீழே வந்துவிடும். வளைவின் ஓரங்கள் அதைவிடத் தாழ்வு. உங்கள் தந்தை ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்து நுழைய வேண்டியிருக்கும். மெயின்ஷீட் அமரத்தில் இறங்குவதால் அதற்கு முன்னாலேயே துணியை நிறுத்தியாக வேண்டும். ஆகவே சுக்கான் பிடிப்பவருக்கு நிழல் கிடைக்காது. மேலே ஒளி புகும் சாளரம் தைக்காவிட்டால் பாயும் அவர் கண்ணுக்குத் தெரியாது. பூம் உயரமாக அமைந்த 30 அடிப் படகுகளில் பிமினி அருமையான பொருள்தான்.

உங்களுக்கு ஏற்றது பூமின் மேல் போடும் பந்தல். பாயை இறக்கிக் கட்டியதும், பூமின் பின்முனையைத் தூக்கு கயிற்றால் ஓர் அடி உயர்த்தி, அது ஊசலாடாதபடி மெயின்ஷீட்டை இறுக்கிவிடுங்கள். துணியை அதன் மேல் கூரைபோலப் போட்டு, இரு ஓரங்களையும் பக்கவாட்டுக் கைப்பிடிக் கம்பிகளில் கட்டினால் வேலை முடிந்தது. தளத்தில் ஒரு துளைகூட வேண்டாம். துணியின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் குறுக்காக ஒரு நீண்ட பை தைத்து, அதில் வளையும் குச்சியைச் செருகினால் ஓரங்கள் தொங்காமல் விரிந்து நிற்கும். அமர்ந்திருப்பவர்களின் தோளைத் துணி இடிக்காது.

துணியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கடற்படகுகளுக்கென்றே விற்கும் அக்ரிலிக் துணியில், நூலாக இழுப்பதற்கு முன்பே கரைசலில் சாயம் கலந்துவிடுகிறார்கள். பீட்ரூட்டைப்போல உள்ளும் புறமும் ஒரே நிறமாக இருப்பதால் அது எளிதில் வெளுப்பதில்லை. சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 300 கிராம் எடையும், பொதுவாக ஒன்றரை மீட்டர் அகலமும் கொண்டது. காற்றோட்டமுள்ளது, விரைவில் உலரும். ஆனால் உராய்வைத் தாங்காது என்பதால் பூம் படும் இடத்தில் தோலோ தடித்த ரெக்சினோ வைத்துத் தைக்க வேண்டும். பிவிசி பூசிய துணி மழையை முற்றிலும் தடுக்கும். ஆனால் கனமானது, அடியில் புழுக்கமும் மிகும். நீலத் தார்ப்பாய் ஒரு கோடைக்குள் நார்நாராகிவிடும். நிறத்தில் வெள்ளையைத் தவிர்க்கலாம். வெப்பத்தைத் திருப்பி அனுப்பினாலும் ஒளியைக் கசியவிட்டுக் கண்ணைக் கூசச் செய்யும். நடுத்தரச் சாம்பல் நிறம் போதும்.

பலர் துணிக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு நூலில் மிச்சம் பிடிப்பார்கள். வெப்பமண்டல வெயிலில் நைலான் நூல் விரைவில் இற்றுப்போகும்; பாலியெஸ்டர் நூல் சில ஆண்டுகள் தாங்கும்; டெஃப்லான் எனப்படும் பிடிஎஃப்இ நூலை வெயில் ஒன்றும் செய்வதில்லை. அதன் விலையைக் கேட்டால் மயக்கம் வரும் என்பது உண்மைதான். ஆனால் பிரிந்துபோன தையலை மறுபடி தைக்கும் கூலியையும் கணக்கிட்டுப் பாருங்கள்.

பதில்: கச்சான், திருகோணமலை

முன்னவர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். என் அனுபவத்தில் இரண்டைச் சேர்க்கிறேன்.

முதலாவது, காற்றின் பாரம். காற்று இருமடங்கானால் அது கொடுக்கும் தள்ளுவிசை நான்கு மடங்காகும். மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டர் துணியை ஏறத்தாழ 4 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 60 கிலோமீட்டரில் அதுவே 17 கிலோ. உங்கள் பந்தல் 8 சதுர மீட்டர் என்றால், காற்று அடியில் புகுந்து முழுவதையும் தூக்கும்போது நூறு கிலோவுக்கு மேல் வரும். சிங்கப்பூரில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்போ முற்பகலிலோ, சுமாத்திராவிலிருந்து கடந்துவரும் புயற்கோடுகள் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடியவை. ஆகையால் பந்தலை எத்தனை அழகாகக் கட்டினோம் என்பதைவிட, எத்தனை விரைவில் அவிழ்க்க முடிகிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒவ்வொரு கயிற்றையும் நுனியை இழுத்தவுடன் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். மேற்கே கருமேகம் திரளும்போது ஒருவரே ஒரு நிமிடத்துக்குள் துணியை இறக்கிவிட முடியுமா என்று முன்கூட்டியே பழகிப் பாருங்கள். பந்தலை விரித்தபடி விட்டுக் கரைக்குப் போகவே வேண்டாம்.

இரண்டாவது, துளைகள். நான் முதலில் அலுமினியக் குழாயில் பிமினி போட்டேன். தளத்தின் இரு கண்ணாடியிழை அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரம் இருப்பது தெரியாமல் நேராகத் திருகாணிகளை இறக்கிவிட்டேன். ஈராண்டில் தண்ணீர் உள்ளே கசிந்து மரம் ஊறிப்போய், காலை வைத்தால் தளம் அமுங்கியது. அலுமினியத்தோடு ஸ்டெயின்லெஸ் திருகாணி சேர்ந்த இடமெல்லாம் உப்புநீரில் அரித்து வெள்ளைப் பொடி பூத்தது. பிறகெப்போதாவது பிமினி போடுவதானால் 316 தர ஸ்டெயின்லெஸ் குழாயை வாங்குங்கள். துளையைத் தேவைக்கு மேல் பெரிதாக இட்டு, எப்பாக்சிப் பசையால் நிரப்பி, அது இறுகிய பின் அதன் நடுவே சரியான அளவில் மறுபடி துளையிடுங்கள். அடியில் ஒரு தகடும், மேலே நீர் கசியாமல் அடைக்கும் பியூட்டைல் நாடாவும் கட்டாயம் வேண்டும்.

நீர்க்காகம்

இருவருக்கும் மிக்க நன்றி. தார்ப்பாய் ஒன்றை வைத்து இந்த வாரம் ஒத்திகை பார்த்தேன். பூமை உயர்த்தியதும் நடுவில் நிமிர்ந்து நிற்க முடிகிறது. அவிழ்க்க மூன்று நிமிடம் ஆனது, பழக வேண்டும். உச்சி வெயிலுக்கு நிழல் நன்றாக இருந்தது. ஆனால் மூன்று மணிக்குப் பிறகு வெயில் சாய்ந்து நேரே முகத்தில் விழுந்தது. போதாததற்கு, நீரோட்டம் மாறியதும் படகு திரும்பி, இடப்பக்கம் வந்த வெயில் வலப்பக்கம் வரத் தொடங்கியது. பக்கத் திரைகளையும் சேர்த்தே தைத்துவிடலாமா? குச்சிக்கு மூங்கில் போதுமா?

ஊசிநூல்

திரையைப் பந்தலோடு சேர்த்துத் தைக்க வேண்டாம். சென்னையில் பிற்பகலில் கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ கடற்காற்று வரும். நங்கூரமிட்ட படகின் முன்பகுதியான அணியம் அதை நோக்கி நிற்கும். சாயும் வெயில் எப்போதும் அமரத்தின் வழியாகவே வரும். ஆகவே இங்கே பின்புறத்தில் ஒரு திரையைத் தைத்துக் கொடுத்துவிட்டால் போதும். உங்கள் இடத்தில் படகை நிறுத்திவைப்பது நீரோட்டம், அது ஆறு மணி நேரத்துக்கொருமுறை திரும்பும். எனவே தனியாக ஒரே ஒரு திரை வைத்துக்கொண்டு, வெயில் வரும் பக்கத்தில் மாட்டுவதே சரி. அதற்கு அக்ரிலிக் வேண்டியதில்லை. தோட்டங்களுக்குப் போடும் நிழல்வலையில் 75 விழுக்காடு மறைப்புள்ளதைப் பின்னல் வகையாகப் பார்த்து வாங்குங்கள். வெட்டினாலும் பிரியாது, காற்றையும் ஓரளவு உள்ளே விடும். பந்தலின் நான்கு ஓரங்களிலும் ஒரே இடைவெளியில் ஐலெட் வளையங்கள் இருந்தால், திரையின் கொக்கிகள் எந்தப் பக்கத்திலும் பொருந்தும்.

மூங்கில் தாராளமாகப் போதும், ஆனால் நுனிகளை மழுக்கித் துணி சுற்றுங்கள். இல்லாவிட்டால் முதல் மாதத்திலேயே பையைக் கிழித்துவிடும். மின்கம்பி செலுத்தும் பிவிசி குழாய் வெயிலில் இளகிக் கோணிக்கொள்ளும் என்பதால் அதை நான் சேர்ப்பதில்லை. ஒத்திகை பார்த்த அந்தத் தார்ப்பாயைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பூம் படும் கோட்டையும் கயிறு கட்டிய இடங்களையும் அதன் மேலேயே மையால் குறித்துத் தையற்காரரிடம் கொடுத்தால், அவருக்கு அதைவிட நல்ல அளவு வேண்டியதில்லை.