வேலூரில் 30 லட்சம்: காலி மனையா, வாடகை வீடா?

காட்பாடி மகன்
அப்பாவின் ரிடையர்மென்ட் பணத்தில் 30 லட்சத்தைச் சொத்துக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். குடியிருக்கச் சொந்த வீடு இருக்கிறது. காட்பாடியைத் தாண்டி ஒரு புது லேஅவுட்டில் மனை பார்த்தோம், அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. அம்மாவோ, கொஞ்சம் கடன் சேர்த்து சத்துவாச்சாரியில் பழைய வீடு வாங்கி வாடகைக்கு விடலாம் என்கிறார். எது சரி என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை
மனைதான் தம்பி. ஸ்ரீபுரம் பொற்கோயில் 2007-ல் திறப்பதற்கு முன்பே என் மாமனார் அரியூர் பக்கம் ஒரு மனை வாங்கிப் போட்டார். பல வருஷம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மச்சினிச்சி கல்யாணத்துக்கு அதுதான் கை கொடுத்தது. வெள்ளையடிக்க வேண்டாம், மோட்டார் ரிப்பேர் இல்லை, வாடகை கேட்டு யார் வாசலிலும் நிற்க வேண்டாம்.

சத்துவாச்சாரி வீட்டுக்காரர்
உங்கள் மாமனாருக்கு மாதச் சம்பளம் இருந்திருக்கும் சார். இவருடைய அப்பா ரிடையர் ஆனவர். மருந்துக்கும் மளிகைக்கும் மனை காசு தராது.

நான் இரண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறேன். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வருகிற குடும்பங்கள் சிகிச்சை முடியும் வரை மாதக்கணக்கில் தங்குகின்றன. காட்பாடிப் பக்கம் விஐடி பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள். ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள்: கீழ்த்தளமாகப் பாருங்கள். ஆபரேஷன் முடிந்தவரை மாடிக்கு எப்படி ஏற்றுவார்கள்? என் மாடி போர்ஷன் இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தபோதும் கீழே ஆள் இருந்தார்கள். அப்புறம் கோடையில் போர்வெல்லில் தண்ணீர் வருகிறதா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள், விற்கிறவரிடம் வேண்டாம்.

பாலாற்றங்கரை
சரி, கணக்கையும் பார்ப்போம். 40 லட்சத்துக்கு வீடு, மாதம் 11,000 வாடகை என்று வையுங்கள். வருஷத்துக்கு 1,32,000, அதாவது நூற்றுக்கு 3 ரூபாய் 30 காசு. அதில் வீட்டுவரி, பெயின்ட், பூட்டிக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் போகும். வாங்கிய கடனுக்கு வட்டி அதைவிடக் கூட. பேங்கில் டெபாசிட் போட்டால்கூட இதைவிட அதிகம் வருமே!

சத்துவாச்சாரி வீட்டுக்காரர்
வீடு நிற்கிற மண்ணும் விலை ஏறும், அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஆனால் கடன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. கடன் வாங்காமல் 30 லட்சத்துக்குள் முடிகிற சின்ன வீடாகப் பார்க்கட்டும்.

பத்திர எழுத்தர் மகள்
இரண்டு அண்ணன்களும் காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அதுதான் பதறுகிறது.

மனைக்கு டிடிசிபி, அதாவது அரசின் நகர் ஊரமைப்புத் துறை, அனுமதி இருக்கிறதா? 'பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு' என்றால் நம்பாதீர்கள். அனுமதியில்லாத மனைகளை முறைப்படுத்த 2017-ல் வந்த வரன்முறைத் திட்டம், 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட லேஅவுட்டுகளுக்குத்தான். நீங்கள் சொல்வது புது லேஅவுட். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணும் கேளுங்கள். வில்லங்கச் சான்று 30 வருஷத்துக்குப் போடுங்கள். வில்லங்கம் சுத்தமாக இருந்தும் பட்டா வேறொருவர் பெயரில் இருப்பதை அப்பாவின் மேசையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பத்திரத்தில் அகலமான பாதை, இடத்தில் மாட்டுவண்டி போகிற அளவு வழி, அதுவும் நடந்திருக்கிறது.

நிலத்தின் சர்வே வரைபடமான புலப்படம் வாங்கி, ஓடையோ ஏரி வாய்க்காலோ மனையை ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டது நமக்கெல்லாம் தெரியும். வறண்ட ஆறு என்று நினைத்தவர்கள் வீட்டிலும் தண்ணீர் புகுந்தது.

பதிவுச் செலவையும் 30 லட்சத்துக்குள் வையுங்கள். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். 27 லட்சத்துக்குப் பேசினால் 2,43,000 தனியாக வேண்டும். பழைய வீட்டுக்கும் இதே சோதனைதான். கூடவே மூலப்பத்திரம் யாரிடம் இருக்கிறது, பங்காளிகள் எத்தனை பேர், எல்லோரும் கையெழுத்துப் போடுவார்களா என்று கேளுங்கள்.

சத்துவாச்சாரி வீட்டுக்காரர்
தங்கச்சி சொல்வது நூற்றுக்கு நூறு. வாடகை ஒப்பந்தத்தையும் எழுத்தில் போடுங்கள் தம்பி. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் அதைத்தான் கேட்கிறது.

காட்பாடி மகன்
ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் அழைத்துக்கொண்டு லேஅவுட்டுக்குப் போனேன். பக்கத்து நிலத்தில் மாடு மேய்த்த பெரியம்மா, நாங்கள் பார்த்த மனையின் கல்லைக் காட்டி, "மழைக்கு இங்கே முழங்கால் அளவு நிக்கும்பா" என்றார். புரோக்கர் உடனே அப்பாவை அந்தப் பக்கம் அழைத்துப் போய்விட்டார். திங்கள்கிழமைக்குள் ஒரு லட்சம் அட்வான்ஸ் தரச் சொன்னார். புலப்படமும் டிடிசிபி எண்ணும் வந்தால்தான் அட்வான்ஸ் என்று சொல்லிவிட்டோம். இன்று புதன், இரண்டும் வரவில்லை. அம்மா சொன்ன வீடு கீழ்த்தளம்தான். மூலப்பத்திர நகல் கேட்டிருக்கிறோம்.